சமையல் வீடியோ பார்க்கிறாள், சாப்பிட மட்டும் மாட்டேன் என்கிறாள்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஆறு மாதமாக இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள், மதியம் கொடுத்தனுப்பும் டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது, எந்நேரமும் கையில் போன், ரீல்ஸ். 'போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அவள் பார்ப்பதில் பாதிக்கு மேல் சமையல் வீடியோவாம், தம்பிக்கு விதவிதமாகச் செய்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்க்கிறாளாம், தான் மட்டும் தொடுவதில்லையாம். எனக்குப் பக்கென்றது அந்த வரியில்தான். நீங்கள் கேட்டது போனைப் பற்றி. அடியில் இருப்பது, இது வயசுக்கோளாறா இல்லை சாப்பாட்டுக் கோளாறு என்ற வியாதியா என்ற பயம். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். போனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றால், ஓரளவு உண்டு, அதை ஆற அமரப் பேசலாம். வியாதியா என்பதை அப்படித் தள்ளிப்போட முடியாது.

நான் மருத்துவர் இல்லை. தென்மாவட்ட ஊர் ஒன்றில், மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக உணவியல் நிபுணராக இருக்கிறேன். வளரிளம் பிள்ளைகள் நிறைய வருவார்கள். ஒரு பதிவைப் படித்துவிட்டு உங்கள் மகளுக்கு இன்ன நோய் என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, அது முறையும் இல்லை. பார்த்ததையும் படித்ததையும் வைத்து, எது உறுதி, எது சந்தேகம் என்று மட்டும் சொல்கிறேன்.

திரையில் பார்ப்பது பிள்ளைகளின் சாப்பாட்டை மாற்றுமா என்பதற்கு, ஆய்வகத்தில் யாரும் ஏற்பாடு செய்ய முடியாத ஒரு சோதனை தானாகவே ஃபிஜித் தீவில் நடந்தது. நம்மவர்களைக் கரும்பு வெட்டக் கப்பலேற்றிக் கொண்டுபோன அதே ஃபிஜிதான், ஆனால் இந்த ஆய்வு அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண்களைப் பற்றியது. அங்கே நட்ரோங்கா என்ற பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மானுடவியலும் படித்தவர், டி.வி. வந்த சில வாரங்களிலேயே பள்ளிப் பெண்கள் 63 பேரிடம் சாப்பாட்டுப் பழக்கம் பற்றி 26 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்பி வாங்கினார். மூன்று வருடம் கழித்து, 1998-ல், அதே வயதுள்ள வேறு 65 பெண்களிடம் அதே படிவம். கவலைக்குரிய அளவு மதிப்பெண் வாங்கியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆகியிருந்தார்கள். எடை குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் 1995-ல் ஒருவர்கூட இல்லை, 1998-ல் 11.3 சதவீதம். நான்கில் மூன்று பேர் 'நான் குண்டு' என்று சில சமயமாவது தோன்றுவதாகச் சொன்னார்கள்.

அந்த ஊரில் அதுவரை குண்டு என்பது குறையே இல்லை. ஆளைப் பார்த்து 'உடம்பு வைத்திருக்கிறாயே' என்றால் அது பாராட்டு. பிள்ளைக்குப் பசி எடுக்கவில்லை, இளைக்கிறது என்றால் அதை 'மதாகே' என்று பெயர் வைத்து ஒரு நோயாகவே பார்த்துக் கைமருந்து கொடுத்தார்கள். நம் வீட்டுக்கும் இது ஒன்றும் தூரமில்லை. 'என்னடி இப்படி இளைச்சுப் போயிட்ட?' என்று என் பாட்டி கேட்டால் அதில் வருத்தம் இருக்கும், அடுத்த நிமிடம் தட்டில் இன்னும் ரெண்டு தோசை விழும். இன்றைக்குக் கல்யாண வீட்டில் அத்தைகள் கேட்கும் 'இளைச்சுட்டியே!'யில் இருப்பது பொறாமை, கூடவே 'என்ன டயட்?' என்ற கேள்வி. சொல் ஒன்றுதான், பொருள் முப்பது வருடத்தில் தலைகீழாகிவிட்டது.

சரி, அப்படியானால் டி.வி.தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? முடியாது. முதல் தடவை கேட்கப்பட்ட பெண்கள் வேறு, இரண்டாம் தடவை கேட்கப்பட்டவர்கள் வேறு. எண்ணிக்கையும் சின்னது. அந்த மூன்று வருடத்தில் ஊரில் டி.வி. மட்டுமா வந்தது, காசு, வேலை, நகர ஆசை எல்லாம் சேர்ந்தல்லவா வந்தது? படிவத்தில் மதிப்பெண் கூடினால் நோய் வந்துவிட்டது என்றும் ஆகாது. நான் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்வது எண்களை அல்ல, அந்தப் பெண்கள் பேட்டியில் சொன்னதை. டி.வி.யில் வரும் பெண்கள் ஒல்லியாக இருக்கிறார்கள், நல்ல வேலையில் இருக்கிறார்கள், நாமும் அப்படி ஆனால் முன்னேறலாம் என்ற தொனியில் பலர் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு அழகு ஒரு வழிதான், போய்ச் சேர நினைத்த இடம் ஊருக்கு வெளியே இருந்த வேறொரு வாழ்க்கை. 'படிப்புல கவனம் இல்லாம மினுக்கிக்கிட்டு அலையுறா' என்று திட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அதே குழு 2011-ல் இன்னொரு கட்டுரை வெளியிட்டது. ஃபிஜியில் ஒரு பெண்ணின் வீட்டில் டி.வி. இருக்கிறதா என்பதைவிட, அவளுடைய தோழிகள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதோடுதான் அவளுடைய சாப்பாட்டுக் கோளாறு அதிகம் ஒட்டிப் போனது. உங்கள் கேள்விக்கு இது நேராகவே பொருந்தும். உங்கள் வீட்டுப் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டலாம். வகுப்பில் பக்கத்து பெஞ்சை எங்கே பூட்டுவது?

இன்ஸ்டாகிராம் பற்றி எழுதியிருந்தீர்கள். 2021 செப்டம்பரில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் அறிக்கைகள் வெளியே வந்தபோது 'மூன்றில் ஒரு பெண்ணுக்கு இன்ஸ்டாகிராம் உடம்பைப் பற்றிய எண்ணத்தை மோசமாக்குகிறது' என்று உலகம் முழுக்கத் தலைப்பு ஓடியது. உண்மையில் அந்த 32 சதவீதம், ஏற்கெனவே தன் உடம்பைப் பற்றி மோசமாக உணர்ந்ததாகச் சொன்ன பதின்வயதுப் பெண்களில் கணக்கிடப்பட்டது. எல்லாப் பெண்களிலும் மூன்றில் ஒருவர் அல்ல. நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே இருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நுணுக்கத்தில் விஷயம் இருக்கிறது. ஒல்லியான மாடல்களின் படங்களைக் காட்டிச் செய்த பழைய சோதனைகளிலும் இதேதான்: மொத்தத்தில் விளைவு பெரிதல்ல, ஏற்கெனவே மனதில் குறை இருக்கும் பிள்ளைகளிடம்தான் அது பலமாகத் தைக்கிறது. அந்தக் குறையை முதலில் விதைத்தது யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் தனியாகத்தான் தேட வேண்டும்.

நம் திரையையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் புசுபுசுவென்று இருக்கும் இட்லிக்கு நம் ஊர்க் கடைக்காரர்கள் 'குஷ்பு இட்லி' என்று பெயர் வைத்தார்கள். ஒரு கதாநாயகியின் பூசினாற்போன்ற உடம்பை ஊரே கொண்டாடி, தனக்குப் பிடித்த பலகாரத்துக்கு அந்தப் பெயரையே வைத்தது. போன வருடம் என்னிடம் வந்த ஒரு பெண்ணின் நோட்டைக் காட்டட்டுமா? நாற்பது பக்க ரஃப் நோட்டு. ஸ்கேலால் கோடு போட்டு, பச்சை மையில் அழகான கையெழுத்தில் கலோரிக் கணக்கு. 'இட்லி 1 – 39. சாம்பார், காய் மட்டும் – 30. தே. சட்னி – கூடாது.' அந்த 'கூடாது'வுக்கு அடியில் இரண்டு கோடு. பதினான்கு வயது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை, அதற்குப் பக்கத்தில் முந்தைய நாளைவிடக் குறைந்தால் ஒரு நட்சத்திரம். கணக்கில் கெட்டிக்காரி என்று அம்மா பெருமையாகச் சொன்னார்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு, 'குண்டாக இருக்கிறாள், குறைத்துக் கொடுங்கள்' என்று ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். பெரியவர்களுக்குக் கொடுக்கும் டயட் சார்ட்டையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைத்துக்கொண்டு வந்தாள். எல்லோர் முன்னாலும் கைதட்டாத குறையாகப் பாராட்டினேன். மூன்றாவது தடவை வந்தபோது உள்ளே ஸ்வெட்டர் போட்டிருந்தாள், வெளியே சித்திரை வெயில். மாதவிடாய் நின்று மூன்று மாதமாகியிருந்தது, என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எடை பார்ப்பதற்கு முன் தேதியைக் கேட்கிறேன். பெரிய மனுஷி ஆகும் வயதை ஒட்டிப் பெண்ணுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை வைப்பது உடம்பு செய்யும் வேலை, நோயல்ல. எலும்பு கெட்டிப்படும் வயதும் அதுதான். அந்த நேரத்தில் நம் வீட்டில் கண்ணாடிதான் பேசுகிறது என்றில்லை, பெரியப்பா பேசுகிறார், தையல்காரர் பேசுகிறார், என்னைப் போன்ற வெள்ளைக்கோட்டும் சேர்ந்து பேசுகிறது.

இனி அந்தச் சமையல் வீடியோ. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944–45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு மறுபடி எப்படி உணவு கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். கொள்கை காரணமாகப் போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் 36 பேர், நல்ல திடகாத்திரமானவர்கள், தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம் சாப்பாட்டை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். எடையில் கால்வாசி போயிற்று. எடையோடு போனதைவிடப் புதிதாக வந்து சேர்ந்தவைதான் விசித்திரம். உணவைத் தவிர வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. ஆண்கள், அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கள், சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், செய்முறைகளை வரிவரியாகப் படித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் பிசைந்து பிசைந்து தின்றார்கள், தட்டை நக்கினார்கள். கோடையிலும் குளிர்ந்தது. சிடுசிடுப்பு, சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காமை. அப்போது இன்ஸ்டாகிராம் கிடையாது. அவர்களில் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையும் கிடையாது.

அதனால்தான் உங்கள் கடைசி வரி என்னைத் தடுக்கி நிறுத்தியது. மகள் நாள் முழுக்கப் பிரியாணி தம் போடுவதைப் பார்ப்பதற்குக் காரணம் போன் என்று நினைக்கிறீர்கள். பசியின் வேலையாகவும் அது இருக்கலாம். ஒல்லி உடம்பைக் காட்டும் ரீல் ஒன்று எங்கோ ஆரம்பத்தில் ஒரு பொறியைப் போட்டிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டை வெட்டி ஆறு மாதம் ஆன பிறகு, பட்டினி தன் வேலையைத் தானே செய்ய ஆரம்பித்துவிடும். பசித்த மூளை சாப்பாட்டைத் தேடும், எந்த வீடியோவைக் காட்டலாம் என்று தீர்மானிக்கும் போனின் நிரல் அதைக் கவனித்து மேலும் மேலும் சாப்பாட்டையே காட்டும். தம்பிக்கு ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதை என் அறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். தாய்மார்கள் அதைப் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்வார்கள்.

'அவள் ஒருநாளும் குண்டாக இருக்கிறேன் என்று சொன்னதில்லையே, வயிறு நிறைந்துவிட்டது என்றுதான் சொல்கிறாள்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பார்த்த, பட்டினியால் உருக்குலைந்த பெண்களில் பலர் குண்டாகும் பயம் பற்றிப் பேசவே இல்லை. வயிறு உப்புகிறது, பசி இல்லை என்றார்கள். 1994-ல் ஒரு பள்ளி மாணவி நடுத்தெருவில் விழுந்து இறந்துபோக, பத்திரிகைகள் மேலைநாட்டு விளக்கத்தோடு எழுதித் தள்ளின. அதற்கடுத்த வருடங்களில் வந்தவர்கள் மேலும் மேலும் குண்டாகும் பயத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். நோய் புதிதாகப் பிறந்ததா, பழைய நோய்க்குப் புது வசனம் கிடைத்ததா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு இரண்டாவதும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று தோன்றுகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்னமும் 'நெஞ்சுலயே நிக்குது', 'வயித்துல இடமில்ல' என்றுதான் சொல்கிறார்கள். இரைப்பை டாக்டர், எண்டோஸ்கோப்பி என்று சுற்றிவிட்டுக் கடைசியில்தான் என்னிடம் வருகிறார்கள்.

பையன்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரியில் சொல்லி நகர்கிறேன்: அங்கே பிரச்சினை சுருங்குவது அல்ல, உப்புவது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் முட்டை வெள்ளைக்கருவை மட்டும் எண்ணித் தின்றுகொண்டு, பெயர் தெரியாத டப்பாவிலிருந்து புரோட்டீன் பவுடர் கலக்கிக் குடித்தால் அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை, ஒழுக்கம் என்கிறார்கள்.

இப்போது போனைப் பிடுங்கலாமா என்பதற்கு வருகிறேன். கனடாவில் 2023-ல் வெளியான ஒரு ஆய்வில், மன அழுத்தம் அல்லது பதற்றத்தின் அறிகுறி இருந்த 17 முதல் 25 வயதுவரை உள்ள 220 பேரில் ஒரு பாதியினரைச் சமூக ஊடகத்தை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றே வாரத்தில் தங்கள் தோற்றத்தையும் எடையையும் பற்றிய அவர்களுடைய எண்ணம் மேம்பட்டது. ஆகக் குறைப்பதில் பலன் உண்டு. ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்டு குறைத்தவர்கள், கையிலிருந்து பிடுங்கப்பட்டவர்கள் அல்ல. சாப்பாட்டுக் கோளாறு முற்றிய நோயாளிகளும் அல்ல. என் அனுபவத்தில், திடீரென்று பிடுங்கிய வீடுகளில் சண்டை போனைப் பற்றியதாகி, சாப்பாடு பேச்சிலிருந்தே நழுவிவிடும். இரவு ஒன்பது மணிக்கு மேல் எல்லோர் போனும், உங்களுடையதும் சேர்த்து, ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்து எதையெல்லாம் பின்தொடர்கிறாள் என்று ஒருநாள் கதைபோலக் கேளுங்கள். 'ஒரு நாளில் நான் சாப்பிடுவது' வகைக் கணக்குகளை அவளே நீக்கினால் நல்லது. படத்தில் 'திருத்தப்பட்டது' என்று முத்திரை குத்தினால் போதும் என்று பிரான்ஸ் 2017-லும், பிறகு நார்வேயும் சட்டம் கொண்டுவந்தன. நல்லெண்ணம்தான், ஆனால் அப்படிப்பட்ட முத்திரையை வைத்துச் செய்த சோதனைகளில் பெரும்பாலும் மனக்குறை குறையவில்லை. பொய்ப் படம் என்று தெரிவதால் மட்டும் ஏக்கம் போய்விடாது போலிருக்கிறது.

வீட்டுப் பேச்சு போனைவிட உங்கள் கைக்கு எட்டியது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பதின்வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஒரு ஆய்வில், எடையைப் பற்றிப் பேசும் பெற்றோரின் பிள்ளைகளிடம் பட்டினி டயட்டும் ஆபத்தான வழிகளும் அதிகமாக இருந்தன. சத்தான சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசியவர்களின் வீட்டில் குறைவாக இருந்தன. எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனாலும் எடைப் பேச்சை நிறுத்துவதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. 'நான் வேற பலூன் மாதிரி ஊதிட்டேன்' என்று உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்வதும் இதில் சேரும்.

இதையெல்லாம் செய்ய நாள் இருக்கிறது. இந்த வாரம் செய்ய வேண்டியது வேறு. ஒரு குழந்தை மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். எடை, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், நாடி, இ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் பார்க்கச் சொல்லுங்கள். பகலில் விழித்திருக்கும்போதே நாடி 50-க்குக் கீழே இருந்தால், மயங்கி விழுந்தால், மார்பு படபடத்தால், அன்றே மருத்துவமனை. சாப்பிட்டவுடன் பாத்ரூம் போய், வாந்திச் சத்தம் கேட்காதிருக்கக் குழாயைத் திறந்துவிடுகிறாளா, விரல் முட்டியில் காய்ப்பு இருக்கிறதா, கன்னம் தாடைப் பக்கம் வீங்கியிருக்கிறதா, முடி கொத்தாக வருகிறதா என்று அதட்டாமல் கவனியுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பயந்துபோய் ஒரே நாளில் நெய்யும் பாயசமுமாகத் திணிக்க வேண்டாம். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு வேகமாக உணவு ஏற்றினால் ரத்தத்தில் உப்புகள் சரிந்து இதயமே தடுமாறலாம். ரத்தப் பரிசோதனையையும் எவ்வளவு எடை இழந்திருக்கிறாள் என்பதையும் மருத்துவர் பார்த்துவிட்டுச் சொல்கிறபடிதான் அளவை ஏற்ற வேண்டும்.

நோய் உறுதியானால், இந்த வயதுக்கு அதிகம் ஆதாரம் உள்ள சிகிச்சை பெற்றோர் கையில்தான் தொடங்குகிறது. லண்டனில் எண்பதுகளில் உருவானது: சாப்பாட்டின் பொறுப்பைச் சில மாதம் பெற்றோர் எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, திட்டாமல், விடாமல் சாப்பிட வைத்து, தேறியதும் பொறுப்பைப் படிப்படியாக அவளிடமே திருப்பித் தருவது. இதில் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் நம் ஊர்களில் குறைவு. எல்லாப் பிள்ளைகளுக்கும் பலிப்பதும் இல்லை. மனநல மருத்துவர் பெயரைக் கேட்டால் வீட்டில் எதிர்ப்பு வரும் என்றால், முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், பேசிப் பாருங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: கடைசி நான்கு மாதவிடாய்த் தேதிகள், எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் எடுத்த எடையும் உயரமும், அவள் தானாகவே ஒதுக்கிய பதார்த்தங்கள் எந்த வரிசையில் போயின என்பது. 'இந்த வயசுல எல்லாரும் அப்படித்தான்' என்று சொல்லி அனுப்பப் பார்த்தால் அந்தத் தாளை மேஜையில் வையுங்கள். தேதிகள் கிடைத்ததும் இங்கேயும் எழுதுங்கள், பார்க்கிறேன்.